விதைப் பொதியில் அச்சிட்ட 30 சதவீதம்

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவில் வசிக்கிறேன், வயது 46. சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்க எண்ணி விதை வாங்கப் போனேன். ஒரு பொதியில் 'டி.எச்.சி. 30 சதவீதம்' (போதை தரும் பொருளின் அளவு) என்றும், அதைவிட விலை குறைந்த இன்னொன்றில் '19 சதவீதம்' என்றும் அச்சிட்டிருந்தார்கள். கூடுதல் விலை கொடுப்பது தகுமா? பூவிலுள்ள ட்ரைக்கோம் என்ற பிசின் சுரப்பிகளைப் பார்த்தே வீரியத்தை அறிந்துவிடலாம் என்று சொல்லி, கைபேசியில் பொருத்தும் நுண்ணோக்கி ஒன்றையும் கடைக்காரர் எடுத்து வைத்தார். அது தேவையா?

பதில்: அந்த எண்ணுக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். விதைக்குள் டி.எச்.சி. இல்லையென்றே சொல்லலாம், ஆகவே பொதியில் உள்ள பொருளை அளந்து எழுதிய எண் அல்ல அது. அந்த இனத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு செடி, யாரோ ஒருவருடைய கூடத்தில், அவர் கொடுத்த விளக்கொளியிலும் உரத்திலும் வளர்ந்து, ஆய்வுக்கூடத்தில் பெற்ற மதிப்பெண் அது. பெரும்பாலும் அவர் பெற்றவற்றுள் மிக உயர்ந்த மதிப்பெண். உங்கள் செடிக்கு அதனால் எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரே செடியில்கூட, வெளிச்சம் நேரே விழும் உச்சிப் பூவுக்கும் நிழலில் கிடக்கும் அடிப்பூவுக்கும் வேறுபாடு உண்டு.

காய்ந்த பூவை அளந்து ஒட்டிய எண்ணையே முழுதாக நம்ப முடிவதில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கடைகளில் வாங்கிய 23 மாதிரிகளை மறுபடி சோதித்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலானவை சீட்டில் கண்ட அளவைவிடக் குறைவாகவே இருந்தன.

எண்ணை வாசிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பச்சைச் செடியில் இருப்பது பெரும்பாலும் டி.எச்.சி.ஏ. என்ற அமிலமே, சூடு பட்ட பிறகுதான் அது டி.எச்.சி.யாக மாறுகிறது, மாறும்போது எடையில் சிறிது இழக்கிறது. அதனால் அமில அளவை 0.877-ஆல் பெருக்கிக் கணக்கிடுவார்கள். 25 சதவீத அமிலம் ஏறத்தாழ 22 சதவீத டி.எச்.சி. ஆகும். கனடாவில் விற்கும் பூவின் சீட்டில் இரண்டு எண்கள் இருந்தால் அதற்கும் காரணம் இதுவே: சிறிய எண் இப்போதுள்ள அளவு, 'மொத்தம்' என்ற பெரிய எண் சூடேறிய பின் கிடைக்கக்கூடிய அளவு. ஒரு கிராமுக்கு 220 மில்லிகிராம் என்றால் 22 சதவீதம்.

இனி ட்ரைக்கோம். பூவை மூடிய சிற்றிலைகளின் மேல் குண்டூசி நட்டதுபோல் நிற்கும் பிசின் சுரப்பி அது. தண்டின் நுனியிலுள்ள உருண்டைத் தலையில்தான் டி.எச்.சி.ஏ. உருவாகிச் சேர்கிறது. அந்தத் தலை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குதான். முதலில் கண்ணாடிபோல் தெளிவாகவும், முதிரும்போது பால் கலந்த நீர்போல் மங்கலாகவும், பிறகு தேன் நிறமாகவும் தெரியும். பெரும்பாலும் மங்கிச் சில மட்டும் தேன் நிறம் கொள்ளும்போது அறுப்பதே வழக்கம். காலம் கடந்தால் டி.எச்.சி. சிதைந்து சி.பி.என். என்ற வீரியம் குன்றிய பொருளாகிறது. ஆக, நிறம் சொல்வது அறுவடைப் பருவத்தை மட்டுமே. மாங்காய் பழுத்துவிட்டதைத் தோலின் நிறம் காட்டும். அது எவ்வளவு இனிக்கும் என்பதைக் காட்டாது. 30 சதவீதச் செடியும் 12 சதவீதச் செடியும் லென்ஸின் கீழ் ஒன்றுபோலவே மினுங்கலாம்.

பருவம் பார்ப்பதற்கு நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைக்கும் வகையைச் சேர்ந்த, 30 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் போதும். கை நடுங்கிப் படம் தெளியாதவர்களுக்கு மட்டும் நுண்ணோக்கி உதவும். ஊதா நிற வளர்ப்பு விளக்கை அணைத்து, வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். பூவை ஒட்டிய சிறு இலைகளில் சுரப்பிகள் முந்தி முதிர்ந்துவிடும்; அவற்றைப் பார்த்து ஏமாறாமல் பூவின் மேலேயே பாருங்கள். விரலால் தேய்த்தால் தலைகள் உதிர்ந்துவிடும்.

பொதியில் நீங்கள் தேட வேண்டிய சொல் 'பெண் விதை' (feminized) என்பது. சாதாரண விதையில் ஏறக்குறைய பாதி ஆண் செடியாகும். அதன் மகரந்தம் பட்டால் பெண் பூ விதை கட்டத் தொடங்கி, பிசின் குறையும். விலை கூடுதலாயினும் பெண் விதைக்குக் கொடுப்பதில் பொருளுண்டு. மேலும், வீட்டில் விளைந்ததன் வீரியம் உங்களுக்குத் தெரியாது என்பதால், 30 சதவீதம் இருக்கக்கூடும் என்று எண்ணியே மிகச் சிறிதளவில் தொடங்குங்கள். பிள்ளைகள் உள்ள வீடாயின் பூட்டி வையுங்கள்.

கேள்வி: கணவன், மனைவி இருவரும் எட்டுச் செடிகள் வைக்கலாமா? மீதி விதையை ஊருக்குக் கொண்டு போகலாமா?

பதில்: இரண்டுக்கும் இல்லை. ஒன்ராறியோவில் சட்டம் அனுமதிப்பது நான்கு செடிகள்; அது வீட்டுக்கான கணக்கு, தலைக்கானது அன்று. வாடகை வீடானால் ஒப்பந்தத்தையும், அடுக்குமாடியானால் அதன் விதிகளையும் முதலில் வாசியுங்கள். அங்கே தடை இருக்கலாம். கனடாவின் எல்லையைத் தாண்டிக் கஞ்சாவை எடுத்துச் செல்வதும் கொண்டுவருவதும் குற்றம், முளைக்கக்கூடிய விதையும் அதில் அடங்கும்.