வசூலுக்குப் போன வீடு

அன்புள்ள அண்ணா,

எனக்கு வயது 24. இங்கே ஒரு காட்டேஜில் ரிசப்ஷன் வேலை. சீசனில் சேர்த்த பணத்தில் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்று வாங்கினேன். கதை உள்ள கேம்கள்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒருமுறை முடித்துவிட்டால் கதை தெரிந்துபோகிறது, மறுபடி எதற்கு ஆடுவது? நண்பன் ஒரே கால்பந்து கேமை மூன்று வருடமாக ஆடுகிறான். நான் நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து வாங்கி, இருபது மணி நேரத்தில் முடித்து அலமாரியில் வைக்கிறேன். அப்பா கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை. பல முடிவுகள் உள்ள கேமாகப் பார்த்து வாங்கினால் ரீப்ளே வேல்யூ, அதாவது மறுபடி ஆடுவதில் பலன், கிடைக்குமா? இல்லை, யூடியூபில் யாராவது ஆடுவதைப் பார்த்தாலே போதுமா? நல்ல கதை நம் குறிஞ்சி மாதிரி, பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி பூக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். சரிதானா?

க., நாயுடுபுரம், கொடைக்கானல்

*

அன்புள்ள தம்பி,

நீ கேட்டிருப்பதை நான் சில வருடமாக எனக்குள்ளேயே போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் குறிஞ்சி. மலையில் வளர்ந்த பையன் இப்படி எழுதலாமா? 2006இல் பூத்த செடி 2018இல் மறுபடி பூக்கவில்லை. குறிஞ்சி ஒரே ஒருமுறைதான் பூக்கும். பூத்து, விதை விட்டு, அப்படியே காய்ந்து செத்துப்போகும். 2018இல் நீ பார்த்தது அதன் பிள்ளைகளை. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்குத் தினமும் பதில் சொல்கிற வேலையில் இருக்கிறாய். இதைச் சரியாகத் தெரிந்துவைத்துக்கொள்.

நண்பனின் கால்பந்தை விடு, அதில் ஒவ்வொரு மேட்ச்சும் வேறு. ஐயாயிரத்தை இருபதால் வகுத்து மணிக்கு இவ்வளவு என்று பார்ப்பது ரூம் வாடகைக் கணக்கு. அதைக் கதைக்குப் போடாதே. யூடியூபைப் பற்றி இப்போது எதுவும் சொல்லப்போவதில்லை. கடைசிவரை படி, உனக்கே தெரியும்.

பல முடிவுகள் உள்ளதாகப் பார்த்து வாங்கலாமா என்றாய். இதைப் படித்தபோதுதான் கோபம் வந்தது. 1995இல் ஜப்பானில் வந்த ‘குரோனோ ட்ரிக்கர்’தான் ‘நியூ கேம் பிளஸ்’ என்ற பெயரையே கொண்டுவந்தது. முடித்தபின் சேர்த்த பலத்தோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம், வேறு வேறு முடிவுகளைப் பார்க்கலாம். அன்றைக்கு அது புதுசு. பிறகு அதையே கடைச்சரக்காக்கிவிட்டார்கள். 2018இல் வந்த ‘டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்’ ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஒரு வரைபடம் காட்டும். நீ வந்த வழி இது, வராத வழிகள் பூட்டிக் கிடக்கின்றன, உன்னைப்போல் செய்தவர்கள் இத்தனை சதவீதம். நான் அந்தப் பூட்டைத் திறக்கவே இரண்டாம் முறை ஆடினேன். ஒரு சிறுமியை வேண்டுமென்றே சாகவிட்டேன். செத்ததும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டம் திறந்ததா என்று பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இதைத்தான் ரீப்ளே வேல்யூ என்று அட்டையில் அச்சடிக்கிறார்கள் என்றால் எனக்கு அது வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

முடிவுகள் அதிகம் இருப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. 2017இல் வந்த ‘நியர்: ஆட்டோமேட்டா’வில் 26 முடிவுகள், ஆங்கில எழுத்துக்கு ஒன்று வீதம். அதில் முதல் சுற்றில் டூபி என்பவளாக ஆடிய அதே சம்பவங்களை, இரண்டாம் சுற்றில் அவளுக்குத் துணையாக வந்த நைன்எஸ் ஆக ஆடவேண்டும். கடைசியில், முகம் தெரியாத இன்னோர் ஆட்டக்காரருக்கு உதவுவதற்காக நீ அதுவரை ஆடிச் சேமித்த சேவ் முழுவதையும் அழித்துவிடச் சம்மதமா என்று கேட்கும். சம்மதித்தால் நிஜமாகவே அழித்துவிடும். நான் சம்மதித்தேன். பிறகு அதை ஆடவில்லை. அதை வாங்கிய பணம் வீணாகிவிட்டது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

கதை தெரிந்துவிட்டால் பிறகு எதற்கு என்கிறாய். என் அம்மாச்சி இருந்தது கீழே வத்தலக்குண்டுப் பக்கம். ஊர்த் திருவிழாவில் நாடகம் இல்லாத வருடமே கிடையாது. வள்ளி திருமணம் போடுவார்கள், அரிச்சந்திர மயான காண்டம் போடுவார்கள். மயான காண்டத்தை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாளோ, வசனமே பாதி தெரியும். லோகிதாசனைப் பாம்பு கடித்ததும் ஊரே அழும். அம்மாச்சி அதற்கு ரொம்ப முன்னாலேயே அழ ஆரம்பித்துவிடுவாள். பையன் தர்ப்பை அறுக்க அரிவாளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவான் இல்லையா, அங்கேயே. எனக்குப் பத்து வயது இருக்கும். “இன்னும் பாம்பே வரலையே அம்மாச்சி?” என்று கேட்டேன்.

“வரப்போகுதுல்ல. அது தெரியாமத்தானடா அந்தப் பய சிரிச்சுக்கிட்டுப் போறான்” என்றாள்.

கதை தெரியாதவனுக்கு அந்தச் சிரிப்பு வெறும் சிரிப்பு. அடுத்தது என்ன என்ற அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவான். நாடகத்துக்கு முதல்முறை வந்தவனுக்குப் பாம்பு மட்டும்தான் கிடைக்கிறது. அம்மாச்சிக்கு அந்தப் பையன் முழுசாகக் கிடைத்தான்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ 2013இல் வந்தது. நீ ஆடியிருப்பாய், அதனால் சொல்கிறேன். தொடக்கத்தில், கதாநாயகன் ஜோயலின் மகள் சாராவாகத்தான் நாம் நடக்கிறோம். நடு ராத்திரி, தூக்கம் கலைந்து, அப்பாவைத் தேடி அறை அறையாகப் போகிறாள். முதல்முறை நான் விறுவிறுவென்று படியிறங்கிவிட்டேன், வெளியே என்னவோ நடக்கிறதே என்று. அன்றைக்கு ராத்திரியே அவள் செத்துப்போவாள் என்று தெரிந்ததால், இரண்டாம் முறை அவள் அறையை விட்டு வெளியே வரவே எனக்கு மனம் இல்லை. அங்கேயே சுற்றினேன். அப்போதுதான் அப்பாவுக்கு வாங்கிவைத்துக் கொடுக்க மறந்த பிறந்தநாள் வாழ்த்து அட்டை கண்ணில் பட்டது. முதல்முறையும் அது அங்கேதான் இருந்திருக்கும். அவள் பரிசாகக் கொடுத்த கைக்கடிகாரத்தை ஜோயல் இருபது வருடம் கழித்தும் கட்டியிருக்கிறான், ஓடாத கடிகாரம். அது தெரிந்தபிறகு அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார். எடு, பிறகு எனக்குக் கதை தெரிந்துவிட்டது என்று எழுது.

அம்மாச்சி உட்கார்ந்தது கொட்டகையில். நம் கையில் கன்ட்ரோலர் இருக்கிறது. அந்த நாடகத்தில் நட்சத்திரேசன் என்று ஒருவன் வருவான். விசுவாமித்திரருக்குத் தரவேண்டிய கடனுக்காக அரிச்சந்திரனை விடாமல் துரத்தி வசூலிக்கிறவன். அந்த வேஷம் கட்டியவரைப் பெண்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கேமில் சில சமயம் அந்த வேஷம் நமக்கு வந்துவிடுகிறது.

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ வந்தது 2018 அக்டோபர் 26. நான் அப்போது செண்பகனூரில் குடியிருந்தேன். குறிஞ்சி முடிகிற சமயம். வாங்கிய கையோடு இராப்பகலாக ஆடினேன். ஆர்தர் மார்கன் ஒரு கொள்ளைக் கும்பலில் இருக்கிறான். அந்தக் கும்பலிலேயே ஒருவர் வட்டிக்கும் விடுகிறார், வசூலுக்குப் போவது ஆர்தர். இரண்டாம் அத்தியாயத்தில் தாமஸ் டௌன்ஸ் என்ற மெலிந்த மனிதரின் வீட்டுக்குப் போய் அவரை அடிக்கிறான். அவர் இருமுகிறார், இரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. மனைவியும் மகனும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல்முறை அது எனக்குப் பத்தோடு பதினொன்றாவது வேலை. முடித்தேன், அடுத்ததற்குப் போனேன். பல மணி நேரம் கழித்து ஆர்தர் தெருவில் விழுகிறான், டாக்டர் காசநோய் என்கிறார். கதை நடப்பது 1899இல். அதற்கான மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்க இன்னும் 44 வருடம் இருக்கிறது. எங்கே தொற்றியது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்தில் நிற்கும்போது கஜா புயல் வந்தது, நவம்பர் 16. மரங்கள் விழுந்து கரண்ட் போனது. பல நாள் இருட்டு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, சேவ் ஆகி நிற்கிற ஆர்தரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2020 ஊரடங்கில் மறுபடி ஆடினேன். இந்தமுறை டௌன்ஸை முன்னாலேயே அடையாளம் தெரிந்தது. வாலன்டைன் ஊரில் ஆர்தர் ஒருவனைச் சேற்றில் போட்டுக் கொல்லப்போகிறான். போதும், விட்டுவிடு என்று ஒருவர் குறுக்கே வந்து கெஞ்சுகிறார். அவர்தான். முதல்முறை அந்த முகத்தை நான் கவனிக்கவே இல்லை. ஆர்தரைக் கொலையிலிருந்து தடுத்த மனிதரிடம்தான் பிறகு வசூலுக்குப் போகிறோம்.

போகப் பிடிக்கவில்லை. ஆற்றில் மீன் பிடித்தேன், மான் வேட்டைக்குப் போனேன், கூடாரத்தில் எல்லோரிடமும் பேசினேன். நாள்கணக்கில் இழுத்தேன். போகாவிட்டால் ஆர்தருக்கு நோய் இல்லை, ஆனால் கதையும் அந்த அத்தியாயத்தைத் தாண்டாது. கடைசியில் ஒரு ராத்திரி குதிரையில் ஏறினேன். அந்த வேலி தெரிந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு ஆர்தர் மட்டும் காரணமில்லை.

நானும் வசூலுக்குப் போனவன், தம்பி. 2011இல், கீழே ஒரு ஃபைனான்ஸில். பெயர் வேண்டாம். டியூ கட்டாத வண்டிகளைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் வேலை. மலைப்பாதையில் ஊத்து என்ற ஊருக்கு மேலே ஒரு கிராமம், சௌசௌ பந்தலும் நாலு காபிச்செடியும் வைத்திருந்த மனிதர், டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி, மூன்று டியூ பாக்கி. அந்த வருடம் மழையில் பந்தல் சரிந்திருந்தது. காட்டினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மனைவி எனக்கும் என்னோடு வந்தவனுக்கும் வரக்காப்பி கொடுத்தார். குடித்தோம். சாவியைக் கேட்டேன்.

“ஒரு நிமிஷம் சார்” என்று உள்ளே போய் ஒரு தண்ணீர் பாட்டிலும் டியூபும் கொண்டுவந்தார். “லோனு வண்டிக்குத்தானே. பெட்ரோல் நான் போட்டது.” மண்டியிட்டு உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி எடுத்தார். எனக்கு ஆத்திரம். ஏதோ சொன்னேன், கெட்ட வார்த்தை. அவர் மகள் பள்ளிக்கூடச் சீருடையில் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். போய், வண்டியின் முன்கூடையில் இருந்த தன் குடையை எடுத்துக்கொண்டாள்.

பெட்ரோல் இல்லாவிட்டால் என்ன, மலை இறக்கம்தானே. அப்படியே உருட்டிவிட்டேன். எஞ்சின் சத்தமே இல்லாமல் பண்ணைக்காடு பிரிவு தாண்டி, டம் டம் பாறை தாண்டி இறங்கியது. காற்றுச் சத்தம் மட்டும். எனக்கு அன்று 23 வயது, சிரித்துக்கொண்டே இறங்கினேன் என்று ஞாபகம்.

அந்தச் சிரிப்பு ஒன்பது வருடம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. டௌன்ஸின் வேலியருகே குதிரையை நிறுத்தியபோது வந்தது. இதை எந்த யூடியூப்காரனும் எனக்காக ஆடிக் காட்டியிருக்க முடியாது. அவன் குதிரையை ஓட்டுவான், நான் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போயிருப்பேன். அந்த வீட்டுக்கு ஆர்தரைக் கொண்டுபோய் நிறுத்தியது என் கட்டைவிரல். போகும்போது எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. முதல்முறை அது எனக்குத் தெரியாது. அதனால் முதல்முறை நான் குற்றம் எதுவும் செய்யவில்லை, பிறகு வருத்தப்பட்டேன், அவ்வளவே. இரண்டாம் முறை செய்தேன்.

உனக்குப் பதில் எழுதுகிறேன் என்று எங்கோ போய்விட்டேன். ஆறாம் அத்தியாயத்தில் ஆர்தர் டௌன்ஸின் மனைவியையும் மகனையும் தேடிப்போய் உதவ முடியும், உதவினேன். ஊத்துக்கு இன்னும் போகவில்லை. வத்தலக்குண்டு பஸ் அந்த ஸ்டாப்பில் நின்றுதான் போகிறது. மாதம் ஒருமுறையாவது அதில் போகிறேன், இறங்கியதில்லை.

உன் அப்பாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்பது நியாயமான கேள்வி. மழைக்காலத்தில் ஐயாயிரம் என்பது சின்னப் பணம் இல்லை. புது டிஸ்க்குகள் வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்து. அலமாரியில் இருப்பதில் எதை முடித்தபின் இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லையோ, அதை எடு. உடனே ஆடாதே, ஒரு வருடமாவது போகட்டும். நியூ கேம் பிளஸ் இருந்தாலும் தொடாதே, வெறுங்கையோடு தொடங்கு. கேம் தருகிற டிராஃபிகளை எண்ணாதே. தொடக்கக் காட்சிகளில் அவசரப்படாதே.

ரெட் டெட் உன்னிடம் இல்லை என்றால் வாங்க வேண்டாம். என்னிடம் பிளேஸ்டேஷன் 4க்கான இரண்டு டிஸ்க்கும் இருக்கிறது, ஒன்று டேட்டா, ஒன்று ஆடுவதற்கு. நான் இன்னும் செண்பகனூரில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள். இரண்டு முறை ஆடி முடிக்கும்வரை உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்