கேள்வி – பதில்: படத்தில் தங்கும் ஹைப்போ

கேள்வி: வீட்டில் இருட்டறை அமைத்து, ஃபைபர் தாளில் கறுப்பு வெள்ளைப் படங்கள் அச்சிட்டு வருகிறேன். சில ஆண்டுகளிலேயே வெள்ளைப் பகுதிகள் மஞ்சளாகி, ஆங்காங்கே பழுப்புத் திட்டுகளும் தோன்றுகின்றன. குறை தாளிலா, சென்னையின் ஈரக் காற்றிலா?

பதில்: இரண்டையும் பழிப்பதற்கு முன் உங்கள் ஹைப்போத் தட்டைக் கவனியுங்கள் (ஹைப்போ என்பது படத்தை நிலைநிறுத்தும் சோடியம் தயோசல்பேட் கரைசல்). ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டறிந்தார். ஆனால் அது சரியாகக் கழுவப்படாமல் தாளில் தங்கிவிட்டால், அதிலுள்ள கந்தகம் படத்தின் வெள்ளியோடு மெல்லச் சேர்ந்து வெள்ளி சல்பைடாகிறது. பழுப்பு நிறம் அதனால் வருவதே. ஈரக் காற்று இதை விரைவுபடுத்தும், தொடங்கிவைப்பது அதுவன்று. வெள்ளைப் பகுதி மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் காரணம், பல தாள்களைக் கண்டு வீரியமிழந்த ஹைப்போ. அதில் முழுதும் கரையாத வெள்ளிச் சேர்மங்களை எவ்வளவு நேரம் கழுவினாலும் அகற்ற முடியாது.

ஆகவே இரண்டு தட்டுகள் வையுங்கள்: பாதி நேரம் முதல் தட்டில், மீதி நேரம் புதிய கரைசலுள்ள இரண்டாவதில். பிறகு ஒருமுறை அலசி, லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்பைட் (sulfite) கலந்த நீரில் 10 நிமிடம் அசைத்துவிட்டு, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி ஓடும் நீரில் அரை மணி நேரமாவது கழுவுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாளுக்குச் சில நிமிடங்கள் போதும் என்பதால் அந்தப் பழக்கத்தையே ஃபைபர் தாளுக்கும் கொண்டுவருபவர்கள் பலர். நாரே ரசாயனத்தை உறிஞ்சும் தாளுக்கு அது போதவே போதாது. ஈரமான படத்தின் வெள்ளை ஓரத்தில் நீர்த்த சோடியம் சல்பைடை (sulfide; முன்சொன்ன சல்பைட் அன்று) ஒரு துளி விட்டு, இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஒற்றியெடுங்கள். வெளிறிய பாலேட்டு நிறத்துக்கு மேல் கறை தெரிந்தால், படம் இன்னும் ஹைப்போவில் ஊற வேண்டும்.

கேள்வி: தாத்தாவின் ஸ்டுடியோ படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?

பதில்: தயவுசெய்து இழுக்காதீர்கள். ஈரத்தில் படத்தின் மேற்படலமான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பற்றியிருக்கிறது; இழுத்தால் முகமே உரிந்து வந்துவிடும். முதலில் கண்ணாடியோடு சேர்த்தே நல்ல பிரதி எடுத்துக்கொண்டு, பிரிக்கும் வேலையைப் பழம்படப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். மற்ற படங்களுக்கு, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி தரும்படி, பருத்தி நார் அட்டையில் சாளரம் வெட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். செல்லோடேப் வேண்டாம், நான்கு மூலைகளையும் காகித மடிப்புகளில் செருகினாலே நிற்கும். மழை நீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.