நிபுணர் சாட்சியாகப் போக ஆசைப்படும் தம்பிக்கு

லண்டன் வந்து நான்கு மாதம் ஆகிறது, ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர், ஊரில் ஒன்பது வருட அனுபவம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஐந்து கேள்விகள். கோர்ட்டில் நிபுணர் சாட்சியாகப் போனால் நல்ல பக்க வருமானமாமே, எப்படி நுழைவது? மணிக்கு எவ்வளவு கேட்கலாம்? நம் உச்சரிப்பு பிரச்சினையாகுமா? விசா இடம் கொடுக்குமா? எந்தப் பக்கம் வாடகை குறைவு?

வாடகையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் வீடு தேடியே இருபது வருடம் ஆகிறது. விசாவுக்கு உங்கள் விசா நிபந்தனையைப் படியுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று எதையும் செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள். மணிக்கு எவ்வளவு என்பதை அந்த நிலைக்கு வரும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள். மற்ற இரண்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

'பக்க வருமானம்' என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இந்த வேலையை அப்படி நினைத்து இறங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் ஆட்களிலேயே ஒருவர், பெயர் வேண்டாம், விசிட்டிங் கார்டில் 'எக்ஸ்பெர்ட் விட்னஸ்' என்று தங்க எழுத்தில் அடித்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் நீட்டுவார். ஒரே டெம்ப்ளேட்டை வைத்துக்கொண்டு அறிக்கை தயாரிப்பார். ஒரு தடவை பதினெட்டாம் பக்கத்தில் முந்தைய வழக்கின் வீட்டு முகவரி அப்படியே நின்றுவிட்டது. எதிர்த்தரப்பு பாரிஸ்டர் அதை மட்டும் பத்து நிமிடம் நிதானமாகப் படித்துக் காட்டினாராம். அதன் பிறகு இவர், 'நிறம் பார்த்துத்தான் என்னை ஒதுக்குகிறார்கள்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நிறம் பார்ப்பவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 'உங்கள் பட்டம் இங்கே வாங்கியதா' என்று ஒரே வழக்கில் மூன்று முறை என்னைக் கேட்ட சொலிசிட்டர் (வழக்கைத் தயார்செய்து நிபுணரை அமர்த்தும் வக்கீல்) உண்டு. ஆனால் பதினெட்டாம் பக்கத்து முகவரிக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பணம் கொடுப்பவர் கட்சிக்காரர். நீங்கள் கடமைப்பட்டிருப்பதோ நீதிமன்றத்துக்கு. இங்கிலாந்து, வேல்ஸ் சிவில் நடைமுறை விதிகளில் 35-ஆம் பகுதி இதைத்தான் சொல்கிறது: யார் உங்களை அமர்த்தினார்கள், யார் காசு கொடுக்கிறார்கள் என்பதையெல்லாம் மீறியது அந்தக் கடமை. இந்த விதிகள் 1999-இல் அமலுக்கு வந்தன. 35-ஆம் பகுதி ஒன்றும் பெரிய புத்தகம் இல்லை, ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். வழக்கு ஜெயித்தால் கூடுதல், தோற்றால் குறைவு என்ற பேச்சை யாராவது எடுத்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் நேரத்துக்குத்தான் காசு. கருத்துக்குக் காசு வாங்கினால் நீங்கள் நிபுணர் இல்லை, வாடகைக்கு எடுத்த வாய்.

நல்ல சொலிசிட்டர் உங்களை நெருக்க மாட்டார். நெருக்குபவரும் அதட்டிக் கேட்பதில்லை. 'இந்தப் பத்தியைக் கொஞ்சம் மென்மையாக்கலாமா' என்று மிகவும் மரியாதையாகத்தான் வரும். பெரியவர்கள் கேட்டால் மாட்டேன் என்று சொல்லாமல் வளர்ந்தவர்கள் நாம், அங்கேதான் வழுக்கும். கார் விபத்தில் கழுத்து வலி என்று ஒரு வழக்கு. அறிக்கை கொடுத்த டாக்டர், சொலிசிட்டர் கேட்டார் என்பதற்காக, நோயாளியைத் திரும்பப் பார்க்காமலேயே அறிக்கையை மாற்றிக் கொடுத்தார். நீதிமன்ற அவமதிப்பு. ஆறு மாதச் சிறைத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டது. 2019-இல் அப்பீல் கோர்ட், இது போதாது, இன்னும் கடுமையாக இருந்திருக்க வேண்டும் என்றது. மாற்றியது சில வரிகள்தான்.

கூட்டறிக்கை என்று ஒன்று வரும். இரு தரப்பு நிபுணர்களும் வக்கீல்கள் இல்லாமல் பேசி, எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை, ஏன் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மற்றவர் தயாரித்த வரைவைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஜோன்ஸ் எதிர் கேனி வழக்கை ஒரு முறையாவது படியுங்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவருக்காக அமர்த்தப்பட்ட மனநல நிபுணர், எதிர்த்தரப்பு நிபுணர் எழுதிய கூட்டறிக்கையில் திருத்தம் ஏதும் கேட்காமல் கையெழுத்திட்டுவிட்டார். தான் பேசியதற்கு அது பொருந்தவில்லை என்று பிறகுதான் சொன்னார். கட்சிக்காரர் குறைந்த தொகைக்குச் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அவர் தன் நிபுணர் மீதே வழக்குப் போட்டார். 2011-இல் உச்ச நீதிமன்றம், 5-க்கு 2 என்ற பெரும்பான்மையில், போடலாம் என்றது. பல நூற்றாண்டாக நிபுணர் சாட்சிகளுக்கு இருந்த பாதுகாப்பு அன்றோடு போயிற்று. அதனால் தொழில்சார் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு பக்கம்கூட எழுதாதீர்கள்.

சரி, உச்சரிப்பு. என் கதையைச் சொன்னால்தான் புரியும்.

லண்டன் களிமண்ணைப் பற்றி நீங்கள் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோடையில் சுருங்கும், மழைக்காலத்தில் ஊதும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் வேர் தண்ணீரை உறிஞ்சி, சுருக்கம் இன்னும் அதிகமாகும். வரிசை வீடு ஒன்றின் முன்பக்க ஜன்னலுக்கு மேலே விரிசல். பக்கத்து வீட்டு மரம்தான் காரணம் என்று வழக்கு. நான் மரத்துக்காரர் தரப்பில் அமர்த்தப்பட்டவன். என் முதல் வழக்கு அது.

விரிசல் 4 மி.மீ. என்று என் அறிக்கையில் எழுதியிருந்தேன். எதிர்த்தரப்பு நிபுணர் 6 மி.மீ. என்று எழுதியிருந்தார். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். கட்டட விரிசல்களை வகைப்படுத்த இங்கே எல்லோரும் எடுத்துப் பார்க்கும், பி.ஆர்.இ. என்ற கட்டட ஆய்வு நிறுவனம் வெளியிட்ட டைஜஸ்ட் 251-இல், 5 மி.மீ. வரை இரண்டாம் வகை, அதைத் தாண்டினால் மூன்றாம் வகை. இரண்டாம் வகை என்றால் அடைத்துப் பூசிப் பெயிண்ட் அடிக்கிற வேலை. மூன்றாம் வகையில் செங்கல்லையே எடுத்து மாற்ற வேண்டி வரலாம். மனுஷன் கட்சிக்காரருக்காக ஏற்றி எழுதியிருக்கிறார் என்று எனக்குள் ஒரே கோபம். கூட்டுச் சந்திப்புக்கு அந்த வீட்டுக்குப் போனபோது முகம் கொடுத்தே பேசவில்லை.

அவர் அறுபதைத் தாண்டியவர். ஒன்றும் பேசாமல் ஏணியில் ஏறி, டார்ச்சைச் சுவரோடு சுவராகப் படுக்கவைத்து அடித்தார். விரிசலின் இரண்டு உதடுகளும் நிழல் கட்டித் தெளிவாகத் தெரிந்தன. கீழே மயிரிழை, மேலே போகப்போக அகலம். உள்ளே தூசி படிந்த பழைய பகுதியும், வெளிறிய புதிய பகுதியும் தனித்தனியாக இருந்தன. 'நீங்கள் எந்த மாதம் அளந்தீர்கள்?' என்று கேட்டார். மார்ச் என்றேன். 'நான் செப்டம்பர்' என்றார். அவ்வளவுதான். நான்கும் சரி, ஆறும் சரி. கோடை முடிவில் விரிந்து குளிர்காலத்தில் மூடும் விரிசல், அதாவது மரம். கழிவுநீர்க் குழாய் கசிந்து மண் கரைந்திருந்தால் இப்படிப் பருவம் பார்த்துத் திறந்து மூடாது. என் தரப்புக்குப் பாதகமான விஷயம்தான், ஆனாலும் இருவரும் ஒப்புக்கொண்டு எழுதினோம். சொலிசிட்டர் போனில் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

இதுவரை நான் உருப்படியாகத்தான் நடந்துகொண்டேன். விசாரணை நாளில்தான் கோட்டைவிட்டேன்.

காரணம் ஒத்துக்கொண்டாயிற்று. மிச்சமிருந்த சண்டை, மரத்தை வெட்ட வேண்டுமா, கிளைகளைக் கழித்தால் போதுமா என்பது. போதும் என்று என் அறிக்கையில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். மரத்துக்குப் பக்கத்தில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும்; அதனால் மரமும் தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பாரிஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை. 'நீங்கள் மரவியல் நிபுணரா?' இல்லை. 'தாவரவியல் படித்திருக்கிறீர்களா?' பள்ளியில். 'எத்தனை மரங்களைக் கழித்துவிட்டு அதன் பிறகு மண்ணின் ஈரத்தை அளந்திருக்கிறீர்கள்?' அங்கேயே 'அது என் துறை இல்லை, அந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. எங்கோ படித்ததையெல்லாம் சொல்லி இழுத்தேன். அவர் அடுத்த கேள்வி கேட்டதும் பதறிப்போய் நம் ஊர்த் தலையாட்டல் ஆட்டினேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். 'தலையசைப்பது ஒலிப்பதிவில் விழாது. தவிர, அது ஆமாவா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை' என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

உங்கள் உச்சரிப்புக் கேள்விக்குப் பதில் இதுதான். உச்சரிப்பால் நான் அடிபட்டதில்லை. மெதுவாகப் பேசுங்கள், போதும். கேள்வி பாரிஸ்டரிடமிருந்து வரும், பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். கால்களை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டால் உடம்பு தானாக அந்தப் பக்கம் போகும். இங்கே வந்து ஆறே மாதத்தில் குரலை மாற்றிக்கொண்டு வெள்ளைக்காரனை விட வெள்ளைக்காரனாகப் பேசுபவர்கள் இருக்கிறார்களே, குறுக்கு விசாரணையில் நாற்பதாவது நிமிடம் அது கழன்றுவிடும். பார்க்கச் சகிக்காது.

என்னைக் கவிழ்த்தது வேறு. 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தெரியாது என்றால் மார்க் போய்விடும் என்று பழகியவர்கள் நாம். புலம்பெயர்ந்து வந்த பிறகு அது இன்னும் முற்றுகிறது. இண்டர்வியூ, புரொமோஷன் எல்லாவற்றிலும் தெரியும், தெரியும் என்று நிரூபித்துக்கொண்டே இருக்கிறோம். தீர்ப்பு வந்தபோது ரயிலில் உட்கார்ந்து படித்தேன். அஸ்திவாரம் பற்றிய என் சாட்சியத்தை நீதிபதி ஏற்றிருந்தார். கிளை கழிப்பது பற்றிய பகுதி என் நிபுணத்துவத்துக்கு வெளியே போய்விட்டது, அதற்கு மதிப்புக் கொடுக்க முடியாது என்று இரண்டு வரி. என் ஸ்டேஷன் போனதுகூடத் தெரியவில்லை.

என்னுடையது கிளை கழித்த கதை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. சாலி கிளார்க் வழக்கைத் தேடிப் படியுங்கள். இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாக 1999-இல் தண்டிக்கப்பட்ட தாய். ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் தொட்டிலில் திடீரென இறக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று சாட்சி சொன்னவர் பெரிய குழந்தை மருத்துவர். ஒரு குழந்தை அப்படி இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்று வைத்து, அந்த எண்ணை அதாலேயே பெருக்கியது. இரண்டு மரணங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால்தான் அப்படிப் பெருக்கலாம். ஒரே குடும்பம், ஒரே மரபணு, ஒரே வீடு என்றால் எப்படிப் பெருக்குவது? குழந்தை மருத்துவத்தில் அவர் கரைகண்டவர். புள்ளியியல் அவர் துறை இல்லை. வெளியிடப்படாமல் போயிருந்த ஆய்வக முடிவுகள் வெளிவந்த பிறகு, 2003-இல் அந்தத் தாய் விடுதலையானார். 2007-இல் இறந்துபோனார்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நம் தொழிலுக்கு இதில் பெருமையும் உண்டு. இங்கிலாந்து நீதிமன்றங்களில் நிபுணர் கருத்தைச் சாட்சியமாக ஏற்பதற்கு முன்னோடியாகச் சொல்லப்படும் 1782-ஆம் வருட வழக்கில் சாட்சி சொன்னவர் ஒரு சிவில் இன்ஜினியர்: எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஜான் ஸ்மீட்டன். நார்ஃபோக்கில் வெல்ஸ் துறைமுகம் மண்மேடிட்டுப் போனது ஏன் என்பது கேள்வி. அவருடைய கருத்தைக் கேட்கலாம் என்றார் தலைமை நீதிபதி லார்ட் மான்ஸ்ஃபீல்ட்.

எப்படி நுழைவது என்று கேட்டீர்கள். முதலில் சார்ட்டர்டு இன்ஜினியர் ஆகுங்கள், அதாவது தொழில் அமைப்பு கொடுக்கும் அங்கீகாரத்தை வாங்குங்கள். பிறகு பத்து வருடமாவது சைட்டில் சேறு மிதியுங்கள். நான் வந்த புதிதில் எம்.இ. படித்துவிட்டு ஒரு லேபில் கான்கிரீட் கியூப் உடைத்துக்கொண்டிருந்தேன். 150 மி.மீ. கட்டி, 28-ஆம் நாள், மெஷினில் வைத்து நசுக்கி எண்ணைக் குறித்துக்கொள்வது. அவ்வளவுதான் வேலை. ஊருக்கு போன் செய்தால் 'டிசைன் ஆபீஸில் இருக்கிறேன்' என்று பொய் சொல்வேன். ஒரு நாள் மூன்று கியூபும் வர வேண்டிய பலத்துக்கு வெகு கீழே உடைந்தன. பெரிய சைட், பெரிய கான்ட்ராக்டர். எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று மேலாளரிடம் போய் நின்றேன். அவர் சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலேயே, 'மெஷின் என்ன காட்டியது?' என்றார். சொன்னேன். 'அப்படியானால் அதை எழுது' என்றார். அந்த லேபை நினைத்து வெட்கப்பட்ட காலம் உண்டு. இப்போது என் தகுதிகளை எழுதும் பக்கத்தில் அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். குறுக்கு விசாரணையில் அதை வைத்து இதுவரை யாரும் என்னைக் கேலி செய்ததில்லை.

ஒரே ஒரு காரியம் இந்த மாதமே செய்யலாம். ஃபெட்டர் லேனில் ரோல்ஸ் பில்டிங் இருக்கிறது. கட்டுமான வழக்குகளைக் கேட்கும் டெக்னாலஜி அண்ட் கன்ஸ்ட்ரக்ஷன் கோர்ட் அங்கேதான். பொதுமக்கள் போய் உட்காரலாம். வாசலில் பையைச் சோதிப்பார்கள், அவ்வளவுதான். நிபுணர்களைக் குறுக்கு விசாரணை செய்யும் நாளாகப் பார்த்து லீவு போட்டுவிட்டுப் போங்கள். காலையில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், மதியத்துக்கு மேலும் இருங்கள். கூண்டில் நிற்பவர் தண்ணீர் கிளாஸை எத்தனை தடவை எடுக்கிறார் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் எனக்கு எழுதுங்கள், பேசுவோம்.