பத்தாவது ஆட்டத்துக்கு யார் இருப்பார்கள்?

வணக்கம்.

எங்கள் மாவட்டப் பெண்கள் கால்பந்தில் இதுவரை ஐந்து நாள் நாக்-அவுட் போட்டிகள்தான் நடந்துவந்தன. இந்த ஆண்டு முதல்முறையாக ஏழு அணிகள் ஹோம்-அவே முறையில், அதாவது ஒவ்வோர் எதிரணியோடும் ஒரு முறை தன் மைதானத்திலும் ஒரு முறை அவர்கள் மைதானத்திலும், லீக் ஆடின. நான் ஓர் அணியின் மேலாளர். முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கை வென்றோம். பிறகு இரண்டு பேருக்கு முழங்கால் போனது, ஒருவர் மஞ்சள் அட்டைகளால் வெளியே உட்கார்ந்தார், தேர்வு என்று மூவர் வரவில்லை. கடைசி ஆட்டங்களுக்குப் பதின்மூன்று பேரோடு போய் நான்காம் இடத்தில் முடித்தோம். எல்லோரும் பயிற்சியாளரைக் குறை சொல்கிறார்கள். அடுத்த பருவத்துக்கு எங்கிருந்து தொடங்குவது? அட்டவணை போடும் குழுவிலும் என்னைச் சேர்த்திருக்கிறார்கள்.

மாலதி

அன்புள்ள மாலதி,

பயிற்சியாளரை விட்டுவிடுங்கள். ஐந்தில் நான்கை வென்ற அணிக்கு ஆடத் தெரியும். நீங்கள் இழந்தது ஆட்டத்தை அல்ல, ஆட்களை. ஐந்து நாள் போட்டிக்குச் சிறந்த பதினொருவர் போதும், வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். லீக்கில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பத்தாவது ஆட்டத்தன்று யார் யார் ஓடும் நிலையில் இருப்பார்கள்? அடுத்த பருவத்தின் எல்லாத் திட்டத்தையும் இந்தக் கேள்வியிலிருந்து போடுங்கள்.

இந்த மாற்றத்தில் தடுமாறுவது உங்கள் மாவட்டம் மட்டுமல்ல. 2016-17இல் தொடங்கிய இந்தியப் பெண்கள் லீக்கே பல ஆண்டுகள் எல்லா அணிகளையும் ஓரிடத்தில் கூட்டித்தான் நடந்தது. 2018-19இல் மதுரையின் சேது எஃப்சி கோப்பையை வென்றது லூதியானாவில் நடந்த ஓர் இறுதிப்போட்டியில், மணிப்பூர் போலீஸை 3-1 என்று வீழ்த்தி. 2021-22 பருவம் ஒடிசாவில் நடந்தது. பன்னிரண்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் பதினோரு ஆட்டங்கள். கோகுலம் கேரளாவும் சேதுவும் ஆளுக்குப் பத்து ஆட்டங்களை வென்றுவிட்டுக் கடைசி நாளில் மோதின. கோகுலம் 3-1 என்று வென்றது. சேதுவுக்குப் பத்து வெற்றி, ஒரே தோல்வி, கோப்பை இல்லை. எதிராளியைத் தன் மைதானத்தில் மறுபடி சந்திக்கும் வாய்ப்பு அந்த அமைப்பில் இல்லை. ஹோம்-அவே முறை 2023-24இல்தான் வந்தது, அதுவும் உங்களைப் போலவே ஏழு அணிகளோடு. அந்தப் பருவத்தை வென்றது ஒடிசா எஃப்சி.

இப்போது முழங்கால். இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். ஏசிஎல் என்ற முழங்காலின் உள்தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் நடக்கிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலேயே கிழிகிறது. குதித்து இறங்கும்போதோ, ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதோ முழங்கால் உள்பக்கம் மடிகிறது, அவ்வளவுதான். இதைக் குறைக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு: ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம்-அப். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் சுமார் 1,900 பேரை வைத்துச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் பாதியளவுக்கும் குறைந்தன.

முறை இதுதான். மொத்தம் 20 நிமிடம். முதல் எட்டு நிமிடம் மெதுவான ஓட்டம், இடுப்பை உள்ளும் வெளியும் சுழற்றுவது, ஜோடியாக ஓடித் தோளோடு தோள் இடித்துக் குதிப்பது. அடுத்த பத்து நிமிடம் பலமும் சமநிலையும்: முன்பிளாங்க் (முழங்கைகளை ஊன்றி உடலை நேராக நிறுத்துவது), பக்கவாட்டு பிளாங்க், தொடையின் பின்தசைக்காக மண்டியிட்டு முன்னால் சாய்வது, ஒற்றைக்காலில் நிற்பது, ஸ்குவாட், குதித்து இறங்குவது. இந்தப் பகுதியில் மூன்று படிநிலைகள் உண்டு. ஒன்றைச் சரியாகச் செய்யத் தெரிந்த பிறகே அடுத்தது. கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டமும் காலூன்றித் திரும்புவதும். வாரத்தில் குறைந்தது இரண்டு பயிற்சிநாள் முழுதாக, ஆட்டத்தன்று முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் மட்டும்.

இது பலிக்காமல் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, எண்ணிக்கையை முடிப்பதில் அவசரம். ஒருவர் முன்னால் நின்று பார்க்க வேண்டும். இறங்கும்போது இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா? முழங்கால் உள்ளே சரிகிறவர் அடுத்த படிக்குப் போகக் கூடாது. இன்னொன்று, பருவத் தொடக்கத்தில் செய்துவிட்டு நான்காவது வாரத்தில் கைவிடுவது. கால் களைத்திருக்கும் பின்பாதியில்தான் இதன் தேவை அதிகம். காயப்பட்ட இருவருக்கும் கிழிந்தது ஏசிஎல் என்றால், அறுவைசிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டத்தில் இறக்காதீர்கள். எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி. அதற்கு முன் இறங்கினால் மறுபடி கிழியும் அபாயம் பல மடங்கு.

நடுப்பருவச் சோர்வைச் சோம்பல் என்று திட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். முன்னது சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே பார்த்தால்தான் மருத்துவர் தரும் மாத்திரை வேலை செய்ய அவகாசம் இருக்கும். மாத்திரையையொட்டி டீ, காபி குடித்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. மூன்று மாதம் மாதவிடாய் வராமல் இருப்பதைப் பயிற்சியின் இயல்பான விளைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடும் அளவுக்குச் சாப்பாடு இல்லை என்பது அதன் பொருளாக இருக்கலாம், எலும்பையும் அது பாதிக்கும். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதையெல்லாம் தயங்காமல் சொல்ல அணியில் ஒரு பெண் பொறுப்பாளர் இருக்க வேண்டும். நீங்களே இருப்பது நல்லது.

அணிப் பட்டியலைத் தலை எண்ணிப் போடாதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பெயர் எழுதுங்கள். எந்த இடத்தில் இரண்டாவது பெயர் வரவில்லையோ அங்கேதான் ஆள் தேட வேண்டும். பெரும்பாலும் அது இடது டிஃபென்டராகவோ கோல்கீப்பராகவோ இருக்கும். அந்த இரண்டாவது பெயர்களை எட்டாவது ஆட்டம் வரை பெஞ்சில் வைத்திருந்து திடீரென்று இறக்கினால் அவர்களுக்கும் காயம்தான். இரண்டாவது ஆட்டத்திலிருந்தே கடைசி இருபது, முப்பது நிமிடம் கொடுங்கள். ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை உங்கள் லீக் அனுமதித்தால் ஐந்தையும் பயன்படுத்துங்கள். தேர்வுத் தேதிகள், மஞ்சள் அட்டைக் கணக்கு இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். இன்னும் ஓர் அட்டை வாங்கினால் தடை என்ற நிலையில் இருப்பவர் யார் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புள்ளிகள் சமமானால் எதை வைத்து முடிவு என்பதை முதல் நாளே படித்துவிடுங்கள். இங்கிலாந்துப் பெண்கள் சூப்பர் லீக்கில் 2023-24இல் செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும் 22 ஆட்டங்களில் ஆளுக்கு 55 புள்ளிகள். கோல் வித்தியாசம் (போட்ட கோல்களில் வாங்கியவற்றைக் கழித்தது) செல்சிக்கு 53, சிட்டிக்கு 46. மே 5 அன்று செல்சி பிரிஸ்டல் சிட்டிக்கு எதிராக எட்டு கோல் போட்டது. அதே நாளில் 89ஆம் நிமிடம் வரை முன்னிலையில் இருந்த மான்செஸ்டர் சிட்டி இரண்டு கோல் வாங்கி ஆர்சனலிடம் தோற்றது. கோல் வித்தியாசம்தான் விதி என்றால் 3-0 ஆன பிறகும் நிறுத்தக் கூடாது, 0-3 ஆன பிறகும் நான்காவதைத் தடுத்தாக வேண்டும். சமமான அணிகள் தமக்குள் ஆடிய நேருக்கு நேர் முடிவுதான் விதி என்றால் பக்கத்துப் போட்டியாளரோடு ஆடும் இரண்டு ஆட்டங்களுக்கு முக்கியமானவர்களைக் காப்பாற்றி வையுங்கள்.

அட்டவணைக்கு வருகிறேன். ஏழு அணிகளோடு எட்டாவதாக ஒரு வெற்றிடத்தைச் சேருங்கள். வெற்றிடத்தோடு ஜோடி சேரும் அணிக்கு அந்த வாரம் ஓய்வு. எட்டையும் எதிரெதிரே நான்கு ஜோடிகளாக எழுதி, ஒன்றை அசையாமல் வைத்து மற்ற ஏழையும் ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டமாக ஓரிடம் நகர்த்தினால் ஏழு சுற்றில் எல்லோரும் எல்லோரோடும் ஆடிவிடுவார்கள். இரண்டாம் பாதிக்கு அதே வரிசையில் மைதானத்தை மட்டும் மாற்றுங்கள். மொத்தம் பதினான்கு வாரம், 42 ஆட்டம். சிலர் இரண்டாம் பாதியைத் தலைகீழாகப் போடுவார்கள். அப்படிச் செய்தால் ஏழாம் சுற்றின் ஆட்டங்களே எட்டாம் சுற்றிலும் வரும், ஓர் அணி தொடர்ந்து இரண்டு வாரம் சும்மா இருக்கும். தேர்வு வாரத்தை மொத்த லீக்குக்கும் விடுமுறையாக இப்போதே குறித்துவிடுங்கள், ஏழு அணிகளுக்கும் அதே சிக்கல்தான் இருந்திருக்கும். கடைசிச் சுற்றின் மூன்று ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும், அதற்கு மூன்று நடுவர் குழுக்கள் தேவைப்படும். அவர்களை இப்போதே கேட்டு உறுதி செய்யுங்கள்.