போனில் பேசியது யார்?

கேள்வி: பாம்பனில் கருவாடு வியாபாரம் செய்கிறேன். ஜூலையில் 50 ஆயிரம் கடன் கேட்டு ஒரு வங்கியில் எழுதிக் கொடுத்தேன். ஒரு பெண் போனில் விவரமெல்லாம் கேட்டார். பேச்சோடு பேச்சாக, "சாப்பிட்டியாம்மா?" என்றேன். "விண்ணப்ப எண்ணைச் சொல்லவும்" என்று பதில் வந்தது. பேசியது கம்ப்யூட்டராம்! மறுநாளே கடன் இல்லை என்று எஸ்.எம்.எஸ். "மிஷின் பேசினா என்ன, மனுஷன் பேசினா என்ன?" என்கிறான் மகன். சரிதானா?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: சரியில்லை. பேசுவது இயந்திரம் என்று எடுத்த எடுப்பிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம், 50-வது பிரிவில் இதைக் கட்டாயமாக்குகிறது. மீறும் நிறுவனத்துக்கு அபராதம் 1.5 கோடி யூரோ அல்லது உலக அளவிலான ஆண்டு வருவாயில் 3 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை போகலாம். நம் நாட்டு இறாலை வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ள இந்த மரியாதை பாம்பன்காரருக்கும் வேண்டும்.

ஆனால் என்னைக் கோபப்படுத்துவது அந்த எஸ்.எம்.எஸ்.தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போது உங்கள் பாஸ்புக்கில் வரவு எங்கிருந்து விழும்? பாம்பனில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. மென்பொருளுக்குத் தெரிந்திருந்ததா, அல்லது அந்த இரண்டு மாதத்தைப் பார்த்து 'தொழில் படுத்துவிட்டது' என்று கணக்குப் போட்டுவிட்டதா? காரணத்தைச் சொன்னால்தானே நீங்கள் எதிர்வாதம் வைக்க முடியும்?

சிறு கடனை மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2003-லேயே வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. முடிவை எடுத்தது மேனேஜரா மென்பொருளா என்பது உங்கள் கவலை இல்லை, வங்கிதான் பொறுப்பு.

கிளைக்குத் தமிழிலேயே ஒரு மனு கொடுங்கள். மறுத்ததற்குக் காரணம் என்ன, கம்ப்யூட்டர் போட்ட கணக்கை ஒரு அதிகாரி சரிபார்த்தாரா என்று கேளுங்கள். மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. விவரத்துக்கு 14448-ஐ அழையுங்கள். அப்புறம், தடைக்காலத்துக்கு முன்னும் பின்னும் வரவு விழுந்த பாஸ்புக் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு வைத்துவிடுங்கள். எழுதும் வேலையை மகனிடமே கொடுங்கள்.