கொட்டேஷனில் எது கட்டாயம், எது பேரம்? புதுக் கார் வாங்குவோர் கேள்வி – பதில்

புதுக் கார் வாங்கப் போகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை டீலர் கையில் கொடுக்கும் கொட்டேஷனைப் பற்றியவை. இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஒரே காரில் ஒரு வேரியன்ட் எக்ஸ்-ஷோரூம் ரூ.9.80 லட்சம், அடுத்தது ரூ.10.20 லட்சம். 40 ஆயிரம்தானே கூடுதல் என்று மேல் வேரியன்ட்டைக் கேட்டால், ஆன்-ரோடு விலையில் ஒரு லட்சத்துக்கு மேல் ஏறுகிறது. டீலர் ஏமாற்றுகிறாரா?
– வாசகர், கோவை

இந்த விஷயத்தில் டீலர் மேல் தப்பில்லை. எக்ஸ்-ஷோரூம் என்பது காரின் ஷோரூம் விலை மட்டும்; ஆயுட்கால வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்தது ஆன்-ரோடு விலை. தமிழ்நாட்டில் காருக்கான ஆயுட்கால வரி, 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட பிறகு நான்கு படிகளாக இருக்கிறது. 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. வருமான வரி மாதிரி, கூடுதலாக உள்ள தொகைக்கு மட்டும் கூடுதல் வரி என்று இங்கே கிடையாது. 10 லட்சத்தைத் தாண்டிவிட்டால் முழு விலைக்கும் 18% கட்ட வேண்டும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ரூ.9,80,000-க்கு 13% என்றால் ரூ.1,27,400. ரூ.10,20,000-க்கு 18% என்றால் ரூ.1,83,600. வரியில் மட்டும் வித்தியாசம் ரூ.56,200. இதோடு, 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் 1% டி.சி.எஸ். (விற்பவர் உங்களிடம் வாங்கி வருமான வரித் துறைக்குக் கட்டும் தொகை) பிடிக்க வேண்டும், அது ரூ.10,200. விலை வித்தியாசம் 40 ஆயிரத்தையும் சேர்த்தால் ரூ.1,06,400 வந்துவிடும்.

டி.சி.எஸ். தொகை செலவு கணக்கில் வராது. உங்கள் பான் எண்ணில் வரவாகி வருமான வரித் துறையின் இணையதளத்தில் தெரியும்; வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லாதவர்கள் ரீஃபண்டாக வாங்கலாம். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பான் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். பணம் கட்டுவது மகன், பில் அப்பா பெயரில் என்றால் வரவு அப்பாவுக்குத்தான் போகும்.

ஆக, மேல் வேரியன்ட்டுக்கு நீங்கள் உண்மையில் கூடுதலாகக் கொடுப்பது ரூ.96,200. அதில் கிடைப்பது சன்ரூஃபும் அலாய் வீலும் மட்டும் என்றால், எங்கள் கருத்து: கீழ் வேரியன்ட்டே போதும். ஆட்டோமேட்டிக் கியரோ கூடுதல் பாதுகாப்பு வசதியோ கிடைத்தால் கணக்கு வேறு. அவற்றைப் பிறகு வெளியில் போட முடியாது. ஒன்று கவனியுங்கள்: விலை 10 லட்சத்தை ஒட்டி இருக்கும்போது, ஆக்சஸரீஸைக் கார் பில்லில் சேர்க்க விடாதீர்கள். தனி பில் கேளுங்கள்.

எக்ஸ்-ஷோரூம் விலைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனியாகக் கட்ட வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம், அது விலைக்குள்ளேயே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18%, பெரிய கார்களுக்கு 40%, மின்சாரக் கார்களுக்கு 5%. நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி வரை இருந்தால்தான் சிறிய கார்.

'ஹேண்ட்லிங் அண்ட் லாஜிஸ்டிக்ஸ்', நம்பர் பிளேட், 'எசென்ஷியல் கிட்' என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். ஆர்.டி.ஓ. செலவு மட்டும் ஒரே தொகையாக இருக்கிறது. எதையெல்லாம் மறுக்கலாம்?
– வாசகர், மதுரை

ஹேண்ட்லிங் சார்ஜ் அரசு வசூலிக்கும் கட்டணம் இல்லை. கம்பெனியிலிருந்து ஷோரூம் வரை கார் வந்து சேரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலையில் அடங்கியது. ஸ்டாக் யார்டிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவதும் கழுவித் துடைத்துக் கொடுப்பதும் டீலரின் வியாபாரச் செலவு. வாயால் சண்டை போடாமல், 'இந்தக் கட்டணம் எந்த விதியின் கீழ் வசூலிக்கப்படுகிறது?' என்று டீலருக்கு ஒரு மெயில் அனுப்பி, கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் நகல் போடுங்கள். எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் அந்தக் கட்டணமே காணாமல் போய்விடும்.

நம்பர் பிளேட்டுக்குத் தனியாகப் பணம் கேட்பதும் சரியில்லை. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கம்பெனியே கொடுக்க வேண்டும்; அதன் விலை காரின் விலையில் சேர்ந்தது. 'எசென்ஷியல் கிட்' என்பது ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், பாடி கவர் வகையறா. வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஃபாஸ்டேக் மட்டும் கட்டாயம். அதற்குக் கட்டும் தொகையில் டெபாசிட் எவ்வளவு, டோலுக்கான இருப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்.டி.ஓ. செலவைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவுக் கட்டணம் ரூ.600. கடனில் வாங்கினால் ஹெச்.பி. (கடன் கொடுத்தவர் பெயர்ப் பதிவு) சேர்க்க ரூ.1,500. ஸ்மார்ட் கார்டு ரூ.200. இவற்றோடு ஆயுட்கால வரியும் சாலைப் பாதுகாப்பு வரியும் வரும். எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் ரசீது உண்டு. ரசீதில் உள்ளதற்கும் உங்களிடம் வாங்கியதற்கும் இடையே சில ஆயிரங்கள் இடித்தால், அது டீலர் சேர்த்துக்கொண்டது.

டீலர் சொல்லும் இன்ஷூரன்ஸ் ரூ.52,000. ஆன்லைனில் ரூ.35,000-க்குக் காட்டுகிறது. 'எங்களிடம் எடுத்தால்தான் டிஸ்கவுண்ட், கேஷ்லெஸ் கிளெய்ம்' என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், நாகர்கோவில்

நம் ஊரில் ஒரு காரை விற்றால் டீலருக்கு நிற்கும் மார்ஜின் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம்தான். அதனால்தான் இன்ஷூரன்ஸ், லோன், ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி ஆகியவற்றில் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறார்கள். ஆனால் டீலரிடமே எடுக்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

இரண்டு பாலிசிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முதலில் ஐ.டி.வி., அதாவது கார் திருடுபோனாலோ முழுவதும் சேதமானாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை. புதுக் காருக்கு அது எக்ஸ்-ஷோரூம் விலையில் 95% இருக்க வேண்டும். ஆன்லைனில் மலிவாகத் தெரிவதற்கு ஐ.டி.வி.யைக் குறைத்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கும். அடுத்தது தேர்ட் பார்ட்டி, அதாவது விபத்தில் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான பிரீமியம். புதுக் காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுப்பது கட்டாயம். கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். 2022-இல் நிர்ணயித்தபடி 1,000 சிசிக்குள் ரூ.6,521, 1,500 சிசி வரை ரூ.10,640, அதற்கு மேல் ரூ.24,596, 18% ஜி.எஸ்.டி. தனி. ஆக, வித்தியாசமெல்லாம் ஓன் டேமேஜ் (நம் காரின் சேதத்துக்கான) பிரீமியத்திலும், ஆட்-ஆன்கள் எனப்படும் கூடுதல் பாதுகாப்புகளிலும்தான் இருக்கிறது. தேய்மானத்தைக் கழிக்காமல் பாகங்களின் விலையைத் தரும் ஸீரோ டெப் அவசியம் எடுங்கள். மழைக்குத் தண்ணீர் தேங்கும் தெருவில் வண்டி நிற்கும் என்றால் இன்ஜின் புரொடக்ஷனும் வேண்டும். சாவி தொலைந்தால், பெட்டி தொலைந்தால் என்பவற்றை அடித்துவிடலாம். உங்கள் பெயரில் ஏற்கெனவே ரூ.15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்து காப்பீடு இருந்தால் அதையும் இன்னொரு முறை வாங்க வேண்டாம்.

பலரும் கோட்டை விடுவது என்.சி.பி., அதாவது கிளெய்ம் செய்யாததற்கான போனஸ் விஷயத்தில். பழைய காரில் ஐந்து வருடம் கிளெய்ம் இல்லை என்றால் 50% போனஸ் உங்களுக்குச் சொந்தமானது. பழைய காரோடு சேர்த்து அதை விட்டுவிட வேண்டியதில்லை. காரை விற்றபின், பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் என்.சி.பி. கடிதம் வாங்கினால், அதை மூன்று வருடத்துக்குள் புதுக் காரின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கழிக்கலாம். அந்தப் பிரீமியம் ரூ.20,000 என்றால் ரூ.10,000 மிச்சம். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள் இதைக் கேட்டு வாங்காமலேயே வந்துவிடுகிறார்கள்.

கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும் வசதி, நீங்கள் எடுக்கும் கம்பெனிக்கும் அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கேரேஜ் பட்டியலில் அந்த ஒர்க்‌ஷாப் பெயர் இருந்தால் போதும். வெளியில் எடுப்பதாக இருந்தால், கார் அலாட் ஆனதும் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரு எழுத்து மாறினாலும் ரிஜிஸ்ட்ரேஷன் நின்றுவிடும். கடன் கொடுக்கும் பேங்க் பெயரும் பாலிசியில் இருக்க வேண்டும். டீலர் டிஸ்கவுண்டைக் குறைப்பேன் என்றால் கோபப்பட வேண்டாம். இன்ஷூரன்ஸில் மிச்சமாவது அதிகமா, டிஸ்கவுண்டில் போவது அதிகமா என்று கழித்துப் பாருங்கள்.

நவம்பரில் புக் செய்தேன். ஜனவரியில் விலை ஏறிவிட்டது, ஏறிய விலைதான் என்கிறார்கள். சரியா?
– வாசகி, திருச்சி

புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும்' என்று சின்ன எழுத்தில் இருக்கும், கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். அப்படி இருந்தால் வாதாட இடம் குறைவு. டிசம்பரில் டெலிவரி தருவதாக எழுத்தில் கொடுத்துவிட்டுத் தவறியிருந்தால் மட்டும் அழுத்திக் கேளுங்கள்.

இனி புக் செய்பவர்கள், வேரியன்ட், கலர், தயாரிப்பு வருடம், டெலிவரி தேதி, டிஸ்கவுண்ட் எந்தத் தேதி வரை, கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையெல்லாம் படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் சொன்னதை, அவர் வேலை மாறிப் போன பிறகு ஷோரூமில் யாரும் ஏற்க மாட்டார்கள். பணத்தை அவருடைய சொந்த யு.பி.ஐ.க்கு அனுப்பவே கூடாது. டீலர்ஷிப் கணக்குக்கு மட்டும். ரூ.2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டாலஸில் இருக்கிறோம். டீலர் 'இன்வாய்ஸ்' தாளையே காட்டி, 'எங்கள் அடக்க விலைக்கே தருகிறோம்' என்கிறார். உண்மையில் அது அடக்க விலையா?
– வாசகர், டெக்சாஸ்

இல்லை. அமெரிக்காவில் புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைத்தாள் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. அதில் உள்ளது எம்.எஸ்.ஆர்.பி. எனப்படும் கம்பெனி பரிந்துரைத்த விலை. இன்வாய்ஸ் என்பது கம்பெனி டீலருக்குப் போடும் பில். ஆனால் கார் விற்ற பிறகு, 'ஹோல்ட்பேக்' என்று விலையில் 1 முதல் 3 சதவீதம் வரை பல கம்பெனிகள் டீலருக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. மாத இலக்கை எட்டினால் தனி ஊக்கத்தொகையும் உண்டு. அதனால் இன்வாய்ஸுக்குக் கீழே விற்றாலும் அவருக்கு லாபம் நிற்கலாம். சில இன்வாய்ஸ்களில் வட்டார விளம்பரக் கட்டணமும் சேர்ந்தே இருக்கும். அதை இன்னொரு முறை தனியாகப் போடுகிறார்களா என்று பாருங்கள்.

டெஸ்டினேஷன் சார்ஜில் (தொழிற்சாலையிலிருந்து டீலர் வரை காரைக் கொண்டுவரும் கட்டணம்) பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த மாடலை யார் வாங்கினாலும் அதே தொகைதான். டாக் ஃபீ, அதாவது ஆவண வேலைக்கு டீலர் வாங்கும் கட்டணம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 85 டாலர், நியூயார்க்கில் 175 டாலர் உச்சவரம்பு. டெக்சாஸில் 225 டாலர் வரை நியாயமானது என்று ஏற்கிறார்கள். ஃப்ளோரிடாவில் வரம்பே இல்லை. டெக்சாஸ் பில்லில் 'டீலர்ஸ் இன்வென்ட்டரி டாக்ஸ்' என்று ஒரு வரி வரும். அது டீலர் தன் ஸ்டாக்குக்குக் கட்டும் சொத்து வரி, அதை உங்கள் தலையில் வைக்கிறார். காரின் விலையைப் பேசும்போது அதையும் சேர்த்துக் குறைக்கச் சொல்லுங்கள். டெக்சாஸின் 6.25% விற்பனை வரி, பழைய காரை ட்ரேட்-இன் கொடுத்தால் அதைக் கழித்த தொகைக்குத்தான். நைட்ரஜன் காற்று, கண்ணாடியில் நம்பர் பொறிப்பது, பெயின்ட் கோட்டிங் ஆகியவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மாத இ.எம்.ஐ. பேச்சுக்குள் போகாமல், எல்லா வரியும் கட்டணமும் சேர்ந்த 'அவுட் தி டோர்' விலையை மூன்று டீலர்களிடம் ஈமெயிலில் கேட்பதுதான் நல்ல வழி. லோன் வட்டியிலும் டீலர் ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றி வைக்கலாம். கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவு வங்கி) முன்கூட்டியே அப்ரூவல் வாங்கிப் போங்கள். ஃபேக்டரி ஆர்டர் என்றால் டெபாசிட் திரும்பக் கிடைக்குமா, ஆர்டர் நாளில் உள்ள ரிபேட் டெலிவரி நாளிலும் செல்லுமா என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்த பிறகு, மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டெக்சாஸில் அப்படி ஒரு உரிமை இல்லை.

டிசம்பர் ஆஃபரில் நல்ல டிஸ்கவுண்ட். வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பத்து வருடம் வைத்து ஓட்டுபவர் என்றால் வாங்கலாம். மூன்று நான்கு வருடத்தில் விற்பவர் என்றால், மறுவிற்பனையில் தயாரிப்பு வருடத்தையே பார்ப்பார்கள். டிஸ்கவுண்டில் வந்தது அதில் போய்விடும். தயாரிப்பு மாதமும் வருடமும் விற்பனைச் சான்றான படிவம் 21-இல் இருக்கும். சேஸிஸ் நம்பரில் பத்தாவது எழுத்தும் பெரும்பாலும் வருடத்தைச் சொல்லும்: 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ், 2026-க்கு டி. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரும் ஸ்டெப்னியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவையா என்று பாருங்கள்.

இதையெல்லாம் முழுப் பணம் கட்டி பில் போடுவதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், யார்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். பெயின்ட் தொட்டு அடித்திருக்கிறதா, கதவு இடைவெளிகள் சமமாக இருக்கின்றனவா, ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது, நிறைய நாள் நின்ற வண்டியில் பேட்டரி சோர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஏதாவது இடித்தால் வேறு வண்டியை அலாட் செய்யச் சொல்லலாம். உங்கள் பெயரில் ரிஜிஸ்டர் ஆகிவிட்டால் மாற்றிக் கேட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால், பார்த்த வண்டியின் சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பில்லில் வருவதும் அதே நம்பர்தானா என்று சரிபார்த்த பிறகே மீதிப் பணத்தை அனுப்புங்கள்.