தொடர்கதை பாதியில் நிற்கிறதே என்ற தோழிக்கு

வணக்கம். கல்யாணில் வீடு, மும்பை ஃபோர்ட்டில் வேலை, இணையதளத்தில் வாராவாரம் போட்டுவந்த தொடர்கதை பாதியில் நிற்கிறது, இரவு லேப்டாப்பைத் திறந்தால் தூக்கம்தான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் வாசகர்களிடம் ஒரு மாத இடைவெளி கேளுங்கள். நாலு அத்தியாயம் கையிருப்பு சேர்ந்தபிறகு மறுபடி போடுங்கள். உங்களைச் சோர்வாக்குவது எழுத்து இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கெடுதான்.

லோக்கல் ரயிலில் நின்றபடி டைப் செய்ய முடியாது, சரி. ஆனால் யோசிக்கலாம். இந்தக் காட்சியில் அவளுக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள்? தாதரில் கூட்டம் இறங்கியதும் பதிலை மொபைலில் மூன்று வரியாகக் குறித்துவையுங்கள். இரவு அதை விரித்தால் போதும்.

நாயகி தாராவியை விட்டுப் போவாளா என்பதில் முட்டி நிற்பதாகச் சொன்னீர்கள். அதை இப்போது முடிவு செய்யவே வேண்டாம். மாட்டுங்கா பூக்கடைப் பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பூக்காரம்மாவின் கை தன்பாட்டுக்குப் பூத் தொடுக்கும். வந்தவரிடம் மராத்தியில் விலை, பக்கத்துக் கடையோடு தமிழில் வம்பு. அந்தப் பேச்சை அவள் வாயில் வைத்து, அம்மாவோடு ஒரு சண்டை எழுதிப் பாருங்கள். போவாளா மாட்டாளா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், கதையை அமேசான் கிண்டிலில் மின்னூலாகப் போடுவது பற்றி. இந்திய விற்பனைக்கு 70% ராயல்டி வேண்டுமானால் கேடிபி செலக்டில், அதாவது மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் திட்டத்தில், சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. தளத்தில் உள்ள அத்தியாயங்களை முன்பே எடுத்துவிடுங்கள்.